ஓசூர் ஆலைகளில் நம் வரிப்பணம்: மானியமாகவா, பங்காகவா?

தென்பெண்ணை, கிருஷ்ணகிரி:

போச்சம்பள்ளி, ஓசூர் பக்கம் புதிதாக ஒரு ஆலை வரும்போதெல்லாம் நம் ஊரில் இரண்டு பேச்சு கிளம்புகிறது. 'தனியார் வந்ததால்தான் ஊர் உருப்பட்டது, அரசாங்கம் ஒதுங்கி நின்றாலே போதும்' என்பது ஒன்று. 'பணக்காரனுக்கு நம் பணத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள்' என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்வோம். இணையம் என்பது 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் தொடங்கிய ஆர்ப்பாநெட்டில் இருந்து வளர்ந்தது. நாம் தினமும் திறக்கும் வலைத்தளங்களுக்கு அடிப்படையை 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ போட்டது, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் ஆய்வுக்கூடத்தில். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துடையது. 2000 மே மாதம் வரைக்கும் பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்துத்தான் விட்டார்கள். இதில் எதையும் லாபக் கணக்குப் பார்த்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்காது. பலன் கிடைக்க இருபது முப்பது வருஷம் ஆகும் என்றால் எந்த முதலாளி காத்திருப்பார்?

சரி, ஓசூருக்கே வருவோம். தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. அது நிலம், ரோடு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்து கொடுத்த பிறகுதான் அந்த வறண்ட பூமிக்குப் பெரிய ஆலைகள் வந்தன. அதில் எனக்குப் பெரிய பாடம் டைட்டன் கடிகாரக் கம்பெனி. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி அது. இன்றும் அதில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தின் பங்கைவிட அதிகம். 2023-24ஆம் ஆண்டுக்குப் பங்குக்கு 11 ரூபாய் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுத்தார்கள். டிட்கோ கையில் இருப்பது சுமார் 24.75 கோடிப் பங்குகள். பெருக்கிப் பாருங்கள், ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 272 கோடி ரூபாய். ஒரு பங்கைக்கூட விற்காமல்.

இப்போது மின்சார ஸ்கூட்டர் கதையைப் பாருங்கள். மின்சார வண்டிகளுக்கு மானியம் தரும் மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயில் தொடங்கி, பிறகு 11,500 கோடியானது. இருசக்கர வண்டிக்கு 2021 ஜூனில் இருந்து பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் என்று கொடுத்து வந்தார்கள். 2023 ஜூனில் அதை 10,000 ஆகக் குறைத்தார்கள். ஓலா, ஏத்தர், டிவிஎஸ் என்று மூன்று பேருமே நம் மாவட்டத்தில் மின்சார வண்டி செய்கிறார்கள். வேலை வந்தது, வண்டி வாங்குகிறவருக்கு விலை குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பணம் போட்ட பொதுமக்கள் கையில் ஒரு பங்கு கிடையாது. ரிஸ்க் எடுக்கப் பொதுப்பணம் வேண்டும் என்றால், லாபம் வரும்போது பொதுமக்களுக்குப் பங்கு ஏன் கூடாது?

டூல்ரூம் ஓசூர்:

அண்ணா, டைட்டன் கணக்கு சரி. ஆனால் அதே கடிகாரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எச்எம்டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம். ஒரு காலத்தில் நம் பக்கம் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது என்றாலே எச்எம்டிதான். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்த பிறகும் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே பெரிதாக நம்பி இருந்தார்கள். கடைசியில் 2016இல் எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அரசே முடிவெடுத்தது. ஓசூரில் இருந்து ஒரு மணி நேர தூரத்தில் நடந்த கதை இது. இரண்டும் பொதுப்பணம்தான். ஒன்றில் அரசே தொழிலை நடத்தியது. இன்னொன்றில் பணத்தைப் போட்டுவிட்டு, நடத்தத் தெரிந்தவரிடம் விட்டது.

தனியார் எதையுமே கண்டுபிடிக்கவில்லை என்பதுபோலப் பேசுவதும் நியாயம் இல்லை. டிரான்சிஸ்டர் வந்தது 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில், அது டெலிபோன் கம்பெனியுடையது. லித்தியம் பேட்டரிக்காக 2019இல் நோபல் வாங்கிய மூன்று பேரில் விட்டிங்ஹாம் அந்த வேலையைச் செய்தது எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியில். யோஷினோ அசாஹி கசேய் கம்பெனிக்காரர். குட்இனஃப் ஒருவர்தான் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவர். அதைக் கடைக்குக் கொண்டு வந்ததும் 1991இல் சோனி.

நான் சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின், வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன். மெஷினுக்கு பேங்க் கடன், கடனுக்கு என் வீட்டுப் பத்திரம். எனக்குத் தெரிந்த அரசாங்கம் கரண்ட் பில்லும் ஜிஎஸ்டி கடைசித் தேதியும்தான். என் தொழிலில் பொதுப்பணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

பர்கூர் பழைய மாணவன்:

டூல்ரூம் அண்ணா, நீங்கள் சொன்ன சிஎன்சியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

ஜான் பார்சன்ஸ் என்று ஒருவர் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்தார். வளைவுகளைப் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு, அந்த எண்களைக் கொண்டே மில்லிங் மெஷினை நகர்த்தலாம் என்பது அவருக்கு வந்த யோசனை. சொந்தக் காசில் முடியவில்லை. 1949இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை நடந்து, 1952இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து வெட்டும் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள்.

நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம் நடந்தது. மெஷின் தயார், ஆனால் வாங்க ஆள் இல்லை. விலை கட்டுபடியாகாது, ஓட்டத் தெரிந்தவர் கிடையாது, எந்தக் கம்பெனியும் கிட்ட வரவில்லை. விமானப்படையே நூற்றுக்கும் மேற்பட்ட மெஷின்களை வாங்கி விமான பாகம் செய்யும் கம்பெனிகளில் கொண்டுபோய் வைத்தது. புரோகிராம் எழுதுவதற்கான ஏப்டி என்ற மொழியையும் அதே பணத்தில்தான் எம்ஐடியில் உருவாக்கினார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் இப்படித் தாங்கிப் பிடித்த பிறகுதான் அது சந்தைச் சரக்கானது. நீங்கள் இன்று மெஷினில் 'ஜி01 எக்ஸ்50 எஃப்120' என்று அடிக்கிறீர்களே, டூல் நேர்கோட்டில் 50 வரைக்கும் நிமிஷத்துக்கு 120 மில்லிமீட்டர் வேகத்தில் போகிறதே, அந்த ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பத்திரம் மெஷினுக்குத்தான் ஈடு. அந்த மெஷின் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதற்கு யாரோ வரி கட்டியிருக்கிறார்கள்.

சிப் கதையும் இதேதான். 1960களின் முதல் பாதியில் ஒருங்கிணைந்த சுற்றுகளை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் அப்பல்லோ நிலவுத் திட்டமும் மினிட்மேன் ஏவுகணைத் திட்டமும். அரசு விலை பார்க்காமல் வாங்கியது. வாங்க வாங்க உற்பத்தி கூடியது, விலை இறங்கியது, அப்புறம்தான் ரேடியோவுக்கும் கால்குலேட்டருக்கும் வந்தது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தது தனியார் என்றாலும் அதன் அடுத்த தலைமுறைக்கு முதல் வாடிக்கையாளர் அரசுதான்.

நம் நாட்டில் அரசே முதலில் வாங்கித் தாங்கும் அந்த இரண்டாவது பாதிதான் இல்லை. ஐஐடி மெட்ராஸில் மத்திய அரசுப் பணத்தில் சக்தி என்ற பிராசஸர் சிப்பை வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் லட்சக்கணக்கில் வாங்க முன்வரும் முதல் வாடிக்கையாளர் யார்? நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவு செய்வது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், இது 2020-21 கணக்கு. தென்கொரியாவில் 4 சதவீதத்துக்கு மேல். அங்கே அதில் பெரும்பகுதியைக் கம்பெனிகள் போடுகின்றன. இங்கே பாதிக்கு மேல் அரசுதான் போடுகிறது. 'அரசாங்கம் ஒதுங்கட்டும்' என்றால், ஒதுங்கிய இடத்தில் வந்து நிற்க இங்கே ஆள் யார்?

அரூர் டெலிபோன்ஸ்:

ஓய்வுபெற்ற தொலைபேசித் துறைக்காரன். சி-டாட் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

தொலைபேசித் தொழில்நுட்பத்தை இங்கேயே உருவாக்க 1984இல் மத்திய அரசு தொடங்கிய ஆய்வு நிறுவனம் அது. அதற்கு முன்பு வெளிநாட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றால் ஏசி ரூம் வேண்டும், தூசி ஆகாது, கரண்ட் போகக்கூடாது. நம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் அது எப்படிப் பிழைக்கும்? சி-டாட்காரர்கள் செய்த 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் ஏசி இல்லாமல் ஓடியது. ஒரு சின்ன ரூம், பேட்டரி வரிசை, அந்தப் பெட்டி, அவ்வளவுதான். கார்டு போய்விட்டால் எடுத்துவிட்டு வேறு கார்டு சொருகுவோம். கிராமத்து மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகளுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

தென்பெண்ணை சார் பங்கு கேட்கிறார். சி-டாட் செய்தது வேறு. வடிவமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, செய்து கொடுக்கும் உரிமத்தை ஒரே கம்பெனிக்குத் தராமல் பல பேருக்குக் கொடுத்தது. பொதுத்துறையும் வாங்கியது, தனியாரும் வாங்கினார்கள். ஒருவன் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்தவனிடம் வாங்கலாம். ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருந்தால், அந்தக் கம்பெனி மட்டும் பிழைக்க வேண்டும் என்று அரசுக்கே ஆசை வந்துவிடும். அதையும் யோசிக்க வேண்டும் சார்.

பாலக்கோடு வெங்காயம்:

நல்ல இழை. தொடர்கிறேன்.

நல்லம்பள்ளி டீச்சர்:

எல்லோரும் விற்கக்கூடிய பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். விற்க முடியாத தொழில்நுட்பத்தை யார் உருவாக்குவார்கள்?

தர்மபுரி பிள்ளைகளின் பல்லைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், அப்புறம் குறுக்கே பழுப்புக் கோடு. எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் கறை மேலே இல்லை, பல் உருவாகும்போதே உள்ளே சேர்ந்தது. வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் முற்றினால் மூட்டு இறுகும், கால் வளையும். நம் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அளவு. மழை பொய்த்து போர்வெல்லை ஆழப்படுத்த ஆழப்படுத்த நிலைமை மோசமாகிறது.

இதற்கு முதலில் வழி சொன்னது நாக்பூரில் உள்ள நீரி, அரசு ஆய்வுக்கூடம். நல்கொண்டா முறை என்று பெயர், அந்த மாவட்டமும் நம்மைப் போலவே அவதிப்பட்டது. சுண்ணாம்பு, படிகாரம், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் அளவாகக் கலந்து, கலக்கி, தெளிய விட்டு வடிப்பது. சுண்ணாம்பிலும் படிகாரத்திலும் காப்புரிமை வாங்கி யார் கோடீஸ்வரர் ஆகப்போகிறார்? அதனால்தான் தனியார் அந்தப் பக்கம் வரவில்லை. அதில் குறையும் உண்டு. தினமும் தண்ணீரைச் சோதித்து அளவு மாற்ற வேண்டும், அடியில் சேரும் சகதியைக் கொட்ட இடம் வேண்டும், கிராமத்தில் அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். பல இடங்களில் அந்த ஆள் இல்லாமலேயே நின்றுபோகும் முறை அது.

கடைசியில் ஆற்றுத் தண்ணீரையே கொண்டுவருவது என்று முடிவாகி, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் வந்தது. 2013இல் திறந்தார்கள். தென்பெண்ணை சார் சொன்ன டிவிடெண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஏழு வருஷப் பணம். டைட்டன் பங்கை வைத்து நாம் பெருமைப்படலாம் என்றால், அந்தப் பணம் இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறதா என்பதையும் கேட்க வேண்டும். பங்கு என்று பேப்பரில் இருந்தால் என் பள்ளிப் பிள்ளைக்கு என்ன வரும்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

டீச்சரம்மா சொன்னதுதான் சரி. எங்கள் பக்கமும் அதே கதை. பையூரில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் கேழ்வரகு, பையூர் கொள்ளு என்று அங்கே வந்த ரகங்கள் மானாவாரி நிலத்துக்கென்றே செய்தவை. விதையை நாங்களே எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைக்கலாம், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். வருஷா வருஷம் திரும்ப வாங்காத விதையைக் கம்பெனி எதற்குச் செய்யும்?

சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. இது நல்ல விஷயம், என் தோப்பிலும் அப்படித்தான் போட்டேன். ஆனால் மானியம் கம்பெனிக்குப் போன பிறகு நம்மை எட்டிப் பார்க்க ஆள் இல்லை. எனக்குப் போட்டுக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் ஃபில்டரை மாட்டிவிட்டு, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். நம் தண்ணீரில் உப்பு அதிகம். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆசிட் விட்டு எப்படிக் கழுவுவது, எவ்வளவு விடுவது என்று கற்றுக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் காட்டிக்கொடுத்துத்தான் தப்பித்தேன். மூன்று வருஷம் டியூபில் தண்ணீர் சரியாக வந்தால்தான் பாக்கி மானியம் என்று வைத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள்.

பெங்களூரா மாங்காய் விலை விழும் வருஷத்தில் பறிகூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே விடுகிறோம். கூழுக்கு மட்டும் நம்பி இருக்கிற பழத்தை வேறு என்ன செய்யலாம் என்ற ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள்? மின்சார வண்டிகளுக்குப் பத்தாயிரம் கோடி என்று படிக்கும்போது இதுதான் தோன்றியது.

தென்பெண்ணை, கிருஷ்ணகிரி:

அரூர் சார் சொன்ன ஆபத்து உண்மை. எல்லாவற்றிலும் பங்கு என்று நான் சொல்லவில்லை. செர்ன் 1993 ஏப்ரல் 30 அன்று வலைத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அன்று கட்டணம் கேட்டிருந்தால் நாம் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். நீரி முறையும் பையூர் விதையும் அதே இனம், அவற்றைத் திறந்துதான் விட வேண்டும்.

நான் பேசுவது ஒரு குறிப்பிட்ட கம்பெனிக்கு, அதன் ஆலைக்கு, நேரடியாகப் போகும் பணத்தைப் பற்றி. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். சோலிண்ட்ரா என்ற சோலார் கம்பெனி வாங்கிய 53.5 கோடி டாலர் கடனுக்கு அரசின் எரிசக்தித் துறை ஜாமீன் நின்றது. 2011இல் கம்பெனி திவால், பணம் போச்சு, பெரிய அரசியல் சண்டை. அதே துறை 2010இல் மின்சார கார் கம்பெனி டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013இலேயே வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டார்கள். அதற்கு அப்புறம் டெஸ்லாவின் மதிப்பு எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அரசுக்கு வந்தது அசலும் வட்டியும் மட்டும். தோற்றதில் முழு நஷ்டம், ஜெயித்ததில் வெறும் வட்டி. கொஞ்சம் பங்கு வைத்திருந்தால் ஒரு டெஸ்லா பல சோலிண்ட்ராக்களைத் தாங்கியிருக்கும்.

மாந்தோப்பு அண்ணன் சொன்ன 'பாக்கி மானியம் பிடித்து வைப்பது' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலைக்கும் அதைச் சொல்லலாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை, உள்ளூர்க் கடைகளில் இருந்து பாகம் வாங்குவது, இதெல்லாம் நடந்தால் தவணை, இல்லாவிட்டால் நிறுத்தம்.

டூல்ரூம் ஓசூர்:

பர்கூர் தம்பி, சிஎன்சி கதைக்கு நன்றி. விமானப்படை மெஷினை வாங்கிக் கம்பெனிகளில் வைத்தது என்கிற இடத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

எச்எம்டி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அரசு கடிகாரமும் விற்க வேண்டாம், ஸ்கூட்டரும் விற்க வேண்டாம். பங்கு வைக்கட்டும், வைக்காமல் போகட்டும், என் கடைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

மின்சார வண்டி கம்பெனிகளுக்கு மோட்டார் ஹவுசிங், ஷாஃப்ட் எல்லாம் செய்து கொடுக்க என்னைப் போன்ற சின்னக் கடைகளால் முடியும். மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். தடுப்பது அளவு. பேரிங் உட்காரும் இடத்தில் பத்து மைக்ரான் முன்பின் போனாலும் ரிஜெக்ட். அதை வெர்னியரில் பார்க்க முடியாது. சிஎம்எம் என்ற துல்லிய அளவு மெஷினில் வைத்து, ஏசி ரூமில் 20 டிகிரியில், புரோப் தொட்டுத் தொட்டு அளந்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பாகத்தோடு அந்த ரிப்போர்ட் போகாவிட்டால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அந்த மெஷின் பல லட்சம் ரூபாய். வைத்திருக்கிற தனியார் லேபில் மணிக்கணக்கில் வாடகை, அதிலும் பெரிய கம்பெனி வேலை வந்தால் எங்கள் பாகம் ஓரமாகக் கிடக்கும். அவசர ஆர்டரில் பாகம் ரெடியாகி, அளக்க முடியாமல் காத்திருந்து, ஆர்டர் கைவிட்டுப் போன கடைகள் எங்கள் சிட்கோ தொழிற்பேட்டையிலேயே இருக்கின்றன. வண்டியின் மோட்டார், பேட்டரி சோதனை என்றால் சென்னை ஒரகடம் போக வேண்டும். அங்கே மத்திய அரசு பெரிய சோதனை மையம் கட்டியிருக்கிறது, நல்ல மையம். ஆனால் ஐந்து பேர் வேலை செய்யும் கடை அதற்கு ஒரு நாளையும் ஒரு வண்டியையும் ஒதுக்க முடியாது.

எனக்கு மானியம் வேண்டாம். விமானப்படை செய்ததைப்போல, மெஷினை வாங்கி ஓசூரில் வைத்து, நியாயமான வாடகையில் எல்லோருக்கும் திறந்துவிடட்டும். அளக்கத் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்குப் போடட்டும்.

பர்கூர் பழைய மாணவன்:

அண்ணா, ஒரு யோசனை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தியிருக்கிறார்கள். சிஎன்சி, ரோபோ எல்லாம் வைத்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்த பிறகு மாலையில் அந்த மெஷின்களைச் சின்னக் கடைகளுக்குத் திறந்துவிட முடியுமா என்று கேட்கலாம். பையன்களுக்கும் நிஜமான பாகத்தை அளந்து பழக வாய்ப்பு. எங்கள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994இல் இருந்து நடக்கிறது, அங்கே அளவியல் லேப் உண்டு. சிஎம்எம் ஒன்றை அங்கே வைத்தாலும் ஓசூர்க் கடைகளுக்கும் கிருஷ்ணகிரிக் கடைகளுக்கும் சேர்த்து உதவும்.

டூல்ரூம் ஓசூர்:

பர்கூர் எங்களுக்குத் தூரம் தம்பி. போய் வரவே அரை நாள் ஆகும். ஓசூரிலேயே வேண்டும். ஐடிஐ யோசனை நல்லது, ஆனால் ரிப்போர்ட்டைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்றால் லேபுக்கு என்ஏபிஎல் என்ற ஆய்வுக்கூட அங்கீகாரச் சான்று வேண்டும். அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நல்லம்பள்ளி டீச்சர்:

கேட்பது என்று முடிவானால் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் திரும்ப போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள். பள்ளிக்கு ஒரு ஃபுளோரைடு சோதனைக் கிட் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே சோதித்து எழுதி வைப்பார்கள். செலவும் குறைவு.

தென்பெண்ணை, கிருஷ்ணகிரி:

இரண்டும் இரண்டு மாவட்டம் டீச்சரம்மா, மனுவும் இரண்டாகத்தான் போக வேண்டும். தண்ணீர் மனுவை நீங்கள் தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள், எழுதித் தருவதற்கு நான் உதவுகிறேன். சிஎம்எம் மனு கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துக்கு, நகல் டிட்கோவுக்கு. டைட்டன் டிவிடெண்ட் கணக்கை அதில் ஒரு வரியாகப் போட்டு, அந்தப் பணம் சம்பாதித்துக் கொடுத்த ஊருக்கு ஒரு அளவு மெஷின் கேட்கிறோம் என்று எழுதலாம்.

டூல்ரூம் தம்பி, உங்கள் பகுதியில் எத்தனை கடைகள் கையெழுத்துப் போடும்? எந்த அளவுப் பாகம் வரைக்கும் அளக்க வேண்டும், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் போனால் ஃபைல் நகராது.

டூல்ரூம் ஓசூர்:

இந்த ஞாயிறு கேட்டுவிட்டு எழுதுகிறேன் அண்ணா. பாகத்தின் அளவு 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான கடைகளுக்குப் போதும்.